38ஆம் பக்கம்: ஒரு வீடு, இரண்டு பரிசோதனைகள்

தம்பி வீடு வாங்கினான். வாங்குவதற்கு முன் அந்த வீட்டை இரண்டு பேர் வந்து பரிசோதித்தார்கள். முதல் அறிக்கை 3 பக்கம், இரண்டாவது 41 பக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். குடிவந்த ஐந்தாவது மாதம் ஒரு பிரச்சினை கிளம்பியபோது யார் மேல் கோபப்படுவது என்று வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அதற்கான விடை இரண்டாவது அறிக்கையின் 38ஆம் பக்கத்தில் அரைப் பக்க அளவுக்கு ஏற்கெனவே அச்சாகி இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. சரி, முதலிலிருந்து வருகிறேன்.

வீடு

தனி வீடு. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், மேலே ஒரு மாடி, வயது 22. உள்ளே நுழைந்ததும் புதுப் பெயிண்ட் வாசனை. தம்பி மனைவிக்கு அந்த வாசனை பிடித்துப்போய்விட்டது, எனக்கு அதுதான் உறுத்தியது. விற்கப்போகிற வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது ஒன்றும் குற்றமில்லை, ஆனால் நான்கு சுவரில் ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பட்டி பார்த்திருந்தால் அந்தச் சுவர் ஏதோ சொல்ல வந்ததை யாரோ வாயைப் பொத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தம்பி ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். பரிசோதனையில் பெரிய குறை தெரிந்தால் 15 நாளுக்குள் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தான். அந்த வரி இல்லாமல் எத்தனை பேரைக் கூப்பிட்டு வீட்டைப் பார்க்கச் சொன்னாலும் கவலைதான் மிஞ்சும், பேரம் பேச முடியாது.

"பேங்க் ஆளு வந்து பார்த்துட்டுப் போயிட்டாரே அக்கா, இன்னொருத்தர் எதுக்கு?" என்று கேட்டான். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் குழப்பிக்கொள்கிறார்கள். பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது, கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதை. குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிகிறதா என்பது அவர் வேலை இல்லை. அவர் வேலை செய்வது பேங்குக்கு, நமக்கில்லை.

முதல் ஆள்

தரகரே ஒருவரை அனுப்பிவைத்தார். கையில் டார்ச், போன், அவ்வளவுதான். 45 நிமிடத்தில் முடித்துவிட்டார். மாடிக் கதவுச் சாவி கிடைக்கவில்லை என்று சொன்னார்கள், சரி என்று கீழே இறங்கிவிட்டார். மறுநாள் வந்த அறிக்கையில் "கூரை: நல்ல நிலையில் உள்ளது" என்று இருந்தது.

நான் கூடவே நின்றதால்தான் இது தெரிந்தது. கூட இல்லாமல் இருந்திருந்தால் அந்த வரியை நம்பியிருப்போம். மேலே போகவில்லை என்று எழுதியிருந்தால்கூட எனக்கு அவர் மேல் மரியாதை வந்திருக்கும்.

"மின்சாரம்: இயங்குகிறது." ஆமாம், லைட் எரிந்தது.

இதில் தரகரையோ அந்த ஆளையோ கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. வியாபாரம் முடிந்தால்தான் தரகருக்குக் கமிஷன், தரகர் கூப்பிட்டால்தான் அந்த ஆளுக்கு அடுத்த வேலை. இந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பேனா கொஞ்சம் மெதுவாகத்தான் எழுதும். ஆஷி என்று அமெரிக்காவில் 1976ல் தொடங்கிய வீட்டுப் பரிசோதகர்கள் சங்கம் இருக்கிறது. அதன் நடத்தை விதியிலேயே, விற்பனை நடப்பதைப் பொறுத்தோ கண்டுபிடிப்பு எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தோ கூலியோ அடுத்த வேலையோ கிடைக்கிற ஏற்பாட்டில் பரிசோதனை செய்யக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பரிசோதித்த வீட்டில் ஒரு வருடத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு பழுது பார்க்கும் வேலையும் செய்யக் கூடாது என்கிறது அதே விதி. அந்தச் சங்கத்தில் சேராதவரிடமும் இந்த இரண்டையும் நாம் கேட்டுவிடலாம், கேட்பதற்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை.

இரண்டாவது ஆளைத் தேடியது

ஐந்து பேருக்குப் போன் செய்தேன்.

ஒருவர், "பார்த்துச் சொல்றேன், சரியும் பண்ணிக் கொடுத்துடறேன், ஆள் எங்ககிட்டயே இருக்காங்க" என்றார். கேட்க வசதியாகத்தான் இருந்தது. ஆனால் குறை அதிகமானால் வருமானம் அதிகமாகிற ஆளிடம் குறையை எண்ணச் சொல்வது எப்படி? வேண்டாம் என்று விட்டேன். இன்னொருவர், நாங்கள் கூட வந்தால் வேலை கெடும், அறிக்கை வந்ததும் படித்துக்கொள்ளுங்கள் என்றார். அவரும் வேண்டாம். மூன்றாமவர் கட்டணத்தை முதலில் சொன்னார், மற்றவர்களைவிடப் பாதி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார். இந்த அளவு வீட்டை ஒழுங்காகப் பார்க்க எப்படியும் மூன்று மணி நேரமாவது ஆகும், ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையைப் பாதி விலைக்கு வாங்கினாலும் நஷ்டம்தான்.

மிச்சம் இரண்டு பேரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டேன்: முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, பெயரும் முகவரியும் அடித்துவிட்டு, அனுப்ப முடியுமா? சான்றிதழைவிட இது பேசும். உரிமம் கட்டாயமான இடங்களில் உரிமம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், கட்டாயமில்லாத இடங்களில் சிவில் படிப்பு, கட்டட வேலையில் நின்ற வருடங்கள், சங்கத் தேர்வு, தவறு நேர்ந்தால் ஈடுகட்டும் தொழில் காப்பீடு இதையெல்லாம் விசாரிக்கலாம். அதெல்லாம் இருந்தும் எழுதத் தெரியாத ஆள் வந்தால் நமக்கு என்ன லாபம்? ஒருவருடைய அறிக்கையில் "குளியலறையில் ஓதம் உள்ளது, கவனிக்கவும்" என்று இருந்தது. மற்றவருடைய அறிக்கை அதே மாதிரி ஓதத்தை எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன காரணமாக இருக்கலாம், விட்டால் என்ன ஆகும், அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஐந்து வரியில் சொன்னது. அவரையே கூப்பிட்டோம். முன்னாள் சைட் இன்ஜினியர், ஐம்பதை நெருங்கும் பெண்மணி. கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார், வீட்டை வாங்கினாலும் விட்டாலும் ஒரே தொகை. ஒரு ஒப்பந்தத் தாளும் கொடுத்தார், அதில் தன்னுடைய பொறுப்பு கட்டணத் தொகை வரைக்கும்தான் என்று ஒரு வரி இருந்தது. இந்தத் தொழிலில் இது பரவலாக உள்ள வரிதான், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

மூன்றே முக்கால் மணி நேரம்

வந்தவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. வெளியே இரண்டு சுற்றுச் சுற்றினார். மேற்குப் பக்கம் சுவரை ஒட்டிப் புதிதாகச் சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள், பார்க்க அழகாக இருந்தது. அங்கே குனிந்து ரசமட்டத்தை வைத்தார், அப்புறம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் ஒரு நொடி தயங்கி நின்றது, பிறகு மெதுவாக வீட்டுச் சுவரைப் பார்த்து நடந்தது. போய்ச் சுவரோரத்தில் கோடு மாதிரி நின்றது.

"வாட்டம் தப்பு சார். மழை பெஞ்சா எல்லாம் இங்கதான் வரும்" என்றார் தம்பியிடம்.

அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி, வீட்டைச் சுற்றியுள்ள மண் முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும் என்கிறது. ஊருக்கு ஊர் அளவு மாறலாம், தண்ணீர் வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும் என்பது எங்கேயும் மாறாது. இங்கே இன்னொரு தப்பும் சேர்ந்திருந்தது: புதுத் தளத்தின் உயரம் பேஸ்மட்டத்தில் போட்டிருந்த ஓதத் தடுப்பு அடுக்குக்கு மேலே வந்துவிட்டது, அதாவது ஈரம் அந்த அடுக்கைத் தாண்டிக் குதித்துச் சுவருக்குள் போக ஒரு பாலம் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்தது விரிசல். தம்பிக்கு விரிசல் என்றாலே பயம். மேல்மாடியில் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவர் நெடுகப் படுக்கையாக ஓடிய ஒரு கோட்டைக் காட்டி, "இது விழுந்துடுமா மேடம்?" என்றான். அவர் சிரிக்கவில்லை. கான்கிரீட் தளம் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும், கீழே இருக்கும் சுவர் அந்த அளவுக்கு அசையாது, அதனால் சேரும் இடத்தில் கோடு விழும், தளம் போடும்போது நடுவில் நழுவ இடம் விடாததால் வருவது என்று விளக்கினார். பிறகு கீழே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிய இன்னொன்றிடம் கூட்டிப்போனார். அட்டை மாதிரி ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தார், ஒன்றரை மில்லிமீட்டர். பிரிட்டனில் வீட்டு விரிசலுக்குப் புழங்கும் வகைப்பாட்டில் 5 மில்லிமீட்டர் வரை லேசானது, 5 முதல் 15 வரை நடுத்தரம், 15க்கு மேல் கடுமை, 25ஐத் தாண்டினால் மிகக் கடுமை. ஆனால் அகலத்தைவிடத் திசையைத்தான் அவர் அதிகம் பார்த்தார். மேலே அகலமாகவும் கீழே ஒல்லியாகவும் இருந்தால் சுவரின் ஒரு முனை கீழே இறங்குகிறதோ என்று யோசிக்க வேண்டும். படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாக ஏறினாலும் அப்படித்தான். இந்த விரிசலுக்குள் பழைய பெயிண்ட் இறங்கியிருந்தது, அப்படியென்றால் அந்தப் பெயிண்டுக்கு முன்பே வந்தது. புதுப் பெயிண்ட் அதன் மேல் உடையாமல் இருந்தது, ஆனால் அந்தப் பெயிண்டுக்கே வயது இரண்டு மாதம்தான், அதனால் அசைவு நின்றுவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்றார். இப்படி அரை முடிவோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர் என்பதால்தான் மற்ற முடிவுகளை நான் நம்பினேன்.

மாடிச் சாவி அன்று கிடைத்தது. கேட்ட விதத்தில் இருக்கிறது. மேலே தூசி வளையம் வளையமாகப் படிந்திருந்தது, தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடம் அப்படித்தான் இருக்கும். பழைய தளத்தின் மேல் யாரோ ஓடு பதித்து உயர்த்தியிருக்கிறார்கள், தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை அதற்கேற்ப மாற்றவில்லை. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே நடந்தார், சில ஓடு கெட்டியாகச் சத்தம் கொடுத்தது, சில ஓடு பொள்ளலாக. சன்ஷேடின் அடியில் துருக்கோடு தெரிந்தது. கம்பி துருப்பிடித்தால் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளேயிருந்தே தள்ளி உரித்துப்போடும். எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்பதைத் தான் சொல்ல முடியாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வர வேண்டும், அவர் உடைந்த பரப்பில் பினாஃப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்துப் பார்ப்பார், காரத்தன்மை மிச்சமிருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், போய்விட்ட இடம் நிறம் மாறாது என்றார்.

ஈரமானியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசி வைத்துக் குத்தும் அந்தக் கருவியில் எண் வந்ததும் சிலர் நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பொதுவாக அது மரத்துக்கு அளவீடு செய்யப்பட்டது. செங்கல் சுவரில் ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிடத்தான் அந்த எண் உதவும், உப்பு பூத்த சுவரில் ஈரம் இல்லாமலே எண் ஏறும். அவர் ஒவ்வொரு சுவரிலும் கீழே, இடுப்பு உயரத்தில், தலைக்கு மேலே என்று வரிசையாகக் குத்திக் குறித்துக்கொண்டே போனார். மேற்குச் சுவரில் கீழே அதிகம், ஒரு மீட்டருக்கு மேல் குறைவு. சரி, வெளியில் பார்த்த சிமெண்ட் தளத்தின் வேலை. ஆனால் படுக்கையறைச் சுவர் ஒன்றில் கீழே குறைவு, நடுவில் அதிகம். அந்தச் சுவருக்குத்தான் தனியாகப் பட்டி பார்த்திருந்தார்கள். அதன் மறுபக்கம் குளியலறை.

தெர்மல் கேமராவை அப்போதுதான் எடுத்தார். அது சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்தான். இல்லை, சுவரின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்பதை மட்டும்தான் காட்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஷவரில் வெந்நீரை இருபது நிமிடம் திறந்துவிட்டுக் காத்திருந்தார். நாங்களும் வேறு வழியில்லாமல் நின்றோம். திரையில் முதலில் குழாய்க் கோடு மெலிதாக எழுந்தது, பிறகு அந்தக் கோட்டின் நடுவில் ஒரு இடம் மட்டும் மை கொட்டிய மாதிரி பரவத் தொடங்கியது. வீட்டை விற்கிறவர் வாசல் பக்கம் போய்விட்டார்.

மின்சாரத்துக்கு வந்தால், வீட்டுக்குள் மின்சாரம் பிரிந்து போகும் டிபி பெட்டியில் ஆர்சிசிபி என்கிற மின்கசிவுத் தடுப்பான் இருந்தது, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அசையவே இல்லை. 30 மில்லியாம்பியர் கசிந்தால் 0.3 நொடிக்குள் துண்டிக்க வேண்டிய சாதனம் அது, உயிர் காப்பது. மூன்று பிளக் பாயிண்டில் எர்த் வரவில்லை. முதல் அறிக்கையின் "இயங்குகிறது" நினைவுக்கு வந்தது.

அறிக்கையும் பேரமும்

இரண்டு நாளில் 41 பக்கம் வந்தது. முதல் பக்கத்தில் பத்து வரிச் சுருக்கம், முக்கியமானது மேலே. ஆர்சிசிபியும் எர்த்தும் உடனே, குழாய்க் கசிவும் மேற்குத் தளமும் வாங்குவதற்கு முன், சன்ஷேடுக்கு இன்ஜினியர், மாடி வாட்டம் அடுத்த மழைக்கு முன். வீடு நல்லதா கெட்டதா என்று ஒரு வரிகூட இல்லை. தம்பிக்கு இது ஏமாற்றம். போன் செய்து, "வாங்கலாமா வேண்டாமா மேடம், ஒரே வார்த்தை" என்று கேட்டேவிட்டான். "அது உங்க முடிவு சார். என்ன இருக்குன்னுதான் நான் சொல்ல முடியும்" என்றார்.

பேரத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். மின்சாரமும் குழாயும் வீட்டுக்காரர் செலவில் சரியானது, மற்றதற்கு விலையில் குறைத்துக்கொண்டார். இன்ஜினியர் வந்து பார்த்து இரண்டு சன்ஷேடை உடைத்துப் புதிதாகப் போடச் சொன்னார். வாங்கினோம்.

ஐந்தாவது மாதம்

பெரிய படுக்கையறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய மர அலமாரி. ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்திருந்த புடவைப் பெட்டியைத் தூக்கினால் பெட்டியின் அடிப்பாகம் தரையிலேயே நின்றது. கரையான். அலமாரியின் பின்பலகையை விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உள்ளே போனது, பின்னால் சுவரில் ஆள் உயரத்துக்கு மண் கோடு.

தம்பி கொதித்தான். அவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு, நாலு மணி நேரம் வீட்டைக் குடைந்துவிட்டு, இதைப் பார்க்கவில்லையே! வக்கீலிடம் போகலாம் என்றான். நான் அறிக்கையை எடுத்து வந்தேன், அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கடைசி வரைக்கும் போனேன்.

38ஆம் பக்கம். தலைப்பு, "பரிசோதிக்க இயலாத இடங்கள்". ஐந்து வரிசை எண்கள். அஸ்திவாரம், ஹாலில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பொருள் அடைத்து வைத்திருந்த மாடிப்படி அடி அறை. நான்காவது: பெரிய படுக்கையறையில் கட்டிய அலமாரிக்குப் பின்புறச் சுவர், அலமாரியை அசைக்க உரிமையாளர் அனுமதிக்கவில்லை, அடுத்த அறையின் கதவு நிலையில் பழைய கரையான் தடம் இருப்பதால் கரையான் நிபுணரைக் கொண்டு பார்ப்பது அவசியம்.

வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இந்தப் பரிசோதனை கண்ணால் பார்ப்பதுதான், சுவரை உடைப்பதோ கட்டிய அலமாரியைக் கழற்றுவதோ அதில் வராது. வாங்காத வீட்டை யார் உடைக்க விடுவார்கள்? அதனால் பார்க்க முடியாத இடம் எந்த வீட்டிலும் இருக்கும். பார்க்க முடியவில்லை என்று எழுதுகிறாரா, பார்க்காமலே "நல்ல நிலை" என்று எழுதுகிறாரா, ஆளுக்கு ஆள் வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது. மாதிரி அறிக்கை வாங்கியபோது நான் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும், ஓதத்தைப் பற்றி எழுதிய அழகில் மயங்கிவிட்டேன்.

அதற்காக அவர் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கதவு நிலையில் கரையான் தடத்தைப் பார்த்தவர், அதை 38ஆம் பக்கத்தில் நான்காவது வரியாக வைத்தது சரியில்லை. முதல் பக்கச் சுருக்கத்தில் வந்திருக்க வேண்டியது அது. போன் செய்து இதையே சொன்னேன். மறுக்கவில்லை. "பார்த்ததை மட்டும் முன்னாடி போட்டேன், பார்க்காததுக்கும் அங்க ஒரு வரி போட்டிருக்கணும்" என்றார். வக்கீல் பேச்சு அதோடு நின்றது.

கரையான் மருந்து அடித்து, அலமாரியைப் பிரித்து, சுவரைக் காயவிட்டிருக்கிறோம். மாடிப்படி அடி அறையைக் காலி செய்து பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம், பழைய ஒயர்கள், ஒரு செத்த பல்லி. பட்டியலில் ஐந்தாவது, மண்ணுக்கு அடியில் போகும் கழிவுக் குழாய், கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பிளம்பர் வியாழக்கிழமை வருகிறார்.